கழற்றி வைத்த ஊசிகள்

திருவிழாவுக்குப் போனால் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள். நான் ஜெனரேட்டர் நிற்கும் பக்கமாக ஒதுங்குவேன். மேடையில் பாடுவது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஜெனரேட்டரில் ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்பது தெரியும். பெண் பார்க்கப் போன அன்றும் இதே கதைதான். வருங்கால மாமனார் வீட்டுக் கிணற்றடி மோட்டார், பேரிங் தேய்ந்து கத்திக்கொண்டிருந்தது. சாயா கொண்டுவந்த பெண்ணின் முகத்தைவிட அந்தச் சத்தம்தான் மனதில் தங்கியது. "என்னைய கெட்டுனதே அந்த மோட்டரச் சரியாக்கத்தான்" என்று வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் சொல்லிவிடுவாள். அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பட்டாளத்தில் எனக்கு ஆயுதங்களைப் பழுது பார்க்கும் வேலை. ஊர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. விடுமுறையில் வந்து திருவட்டாறு சந்தியில் பஸ் இறங்கினால் போதும், யாராவது பிடித்துக்கொள்வார்கள். "எத்தன பேரச் சுட்டிருப்பிய?" என்பார்கள். ஒரு காக்கையைக்கூட நான் சுட்டதில்லை. சுடுவதில் எனக்கு ஆசையே இருந்ததில்லை. எனக்குப் பிடித்தது அதன் உள்பக்கம். வெடித்த மருந்தின் புகையில் ஒரு துளியைத் திருடி, அந்தத் துளியின் பலத்திலேயே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை முதன்முதலில் பிரித்துப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கோவில் தூண்களைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாய் பிளப்பு ஒர்க்‌ஷாப் மேஜையில் வாய்த்தது. பிரித்துப் பரப்பி வைத்தால் வேண்டாத உறுப்பு என்று ஒன்றுகூட அதில் இருக்காது. நம் ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

வடக்கே பனிமலை முகாமில், எண்ணெய் இறுகிப்போய்த் துப்பாக்கி சண்டித்தனம் செய்யும். அங்கே எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு, உலர்ந்த இரும்பாகவே ஓட விட வேண்டும். பாலைவனத்தில் மணல். கடலோரத்தில் உப்பு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்குவம். என்னோடு இருந்தவர்கள் சீட்டு விளையாடும் நேரத்தில் நான் சுருள்வில்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தவர்கள்தான் தங்கள் ரைபிளில் கோளாறு வந்தால் என்னைத் தேடி வருவார்கள். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இப்போது வரும் சாமான் எதையும் பழுது பார்க்க முடியாது. மிக்ஸியைப் பிரித்தால் உள்ளே ஒரு பச்சை அட்டை. வாஷிங் மெஷினைப் பிரித்தால் இன்னொரு பச்சை அட்டை. மார்த்தாண்டத்தில் கடைக்குக் கொண்டுபோனால், "போர்டு போச்சு, புதுசு எடுங்க" என்று திருகாணிகூடக் கழற்றாமல் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். எதனால் போயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒருத்தனுக்கும் கிடையாது. ரப்பர் தோட்டத்தின் நடுவே வீட்டைக் கட்டிக்கொண்டு, பிரிக்கத் தகுந்த ஒன்றும் இல்லாமல், நான் கிட்டத்தட்ட பைத்தியம் பிடித்த நிலையில் இருந்தேன்.

அப்போதுதான் மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் காவலாளி வேலை வந்தது. இந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வங்கி துப்பாக்கி தராது. லைசென்ஸோடு சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் பட்டாளத்துக்காரனுக்குத்தான் வேலை. மற்றவர்களுக்கு அது ஒரு தொந்தரவு. எனக்கோ லாட்டரி அடித்த மாதிரி. வேலையைச் சாக்கு வைத்து ஒரு துப்பாக்கி வாங்கலாம் அல்லவா?

மலையோரத்தில் ஒரு எஸ்டேட் முதலாளி இறந்துபோய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்ததால், அவருடைய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியை விற்கக் கொடுத்திருந்தார்கள். கடையில் அதை மடித்துத் திறந்தேன். கீல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இறுக்கமாகத் திறந்தது. மூடியபோது ஒரே ஒரு சத்தம், அதுவும் சின்னச் சத்தம். கைவேலை. யாரோ ஒருவர், எங்கே உரசுகிறது என்று பார்க்கக் கரும்புகை பூசிப் பூசி, அரத்தால் ஒரு தூசி அளவு ராவி ராவிப் பொருத்தியது. கடைக்காரர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஊசிகள். விசையை இழுத்தால் தோட்டாவின் பின்புறத்தில் போய்க் குத்தும் ஃபயரிங் பின்னைத்தான் ஊசி என்கிறேன். குழலுக்கு ஒன்றாக இரண்டு. பெரும்பாலான துப்பாக்கிகளில் அதை எடுக்க உள்ளே எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இதில், மடித்துத் திறந்ததும் தெரியும் முகப்பிலேயே இரண்டு சிறிய வட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பொடித் துளைகள். அந்தத் துளைக்குச் சரியான சாவி இருந்தால் வட்டைத் திருகி ஊசியை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். சாவி வரவில்லை. சைக்கிள் கம்பியை அறுத்து, ராவி, சூடேற்றிப் பதப்படுத்தி நானே ஒரு சாவி செய்தேன். முதல் தடவையே பொருந்தியது. அன்று நான் வீட்டில் ஆடாத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை அதற்கு எண்ணெய் போடும் நாள். பழைய செய்தித்தாளை விரித்து, பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டுவேன். வாரம் முழுக்க வங்கி வாசலில் சும்மா மடியில் கிடந்த துப்பாக்கிக்கு அவ்வளவு உபசாரம் தேவையே இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊருக்கு மழை இரண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரும்புக்கு இங்கே ஆயுள் கம்மி. அடுக்களையிலிருந்து வீட்டுக்காரியின் குரல் வரும். "அந்தத் தோக்கு எண்ணெ நாத்தத்தோட சோத்துல கைய வைக்காதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாருங்க." எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் பேர். சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது. அவளும் விடமாட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சண்டை தவறாது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலாளிகள் விலக்குக் கேட்கலாம் என்பார்கள். கேட்டுக் கிடைத்தவரை நான் பார்த்ததில்லை. ஓட்டு எண்ணி முடியும்வரை நான் கம்போடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அது பரவாயில்லை. ஆனால் ஸ்டேஷனில் துப்பாக்கிகளைப் போட்டு வைத்திருக்கும் அறையைத்தான் என்னால் பொறுக்க முடியாது. சுவர் முழுக்க ஈரம். சாராயக் கேன், மணல் கடத்திய வண்டியின் பேட்டரி, உடைந்த நாற்காலி, இவற்றின் நடுவே விறகு சாத்துவதுபோலத் துப்பாக்கிகளைச் சாத்தி வைப்பார்கள்.

அதனால் ஒப்படைக்கும்போது பட்டாளத்தில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்வேன். குழல்களுக்குள் கிரீஸை அடைத்து, மெழுகுத் தாள் சுற்றி, ஊசிகளைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவேன். ஆயுதம் நம் கையைவிட்டு அடுத்தவர் அறைக்குப் போகும்போது, அதன் உயிரான உறுப்பு அதோடு போகக் கூடாது. இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்வதற்கு யாராவது யோசிப்பார்களா? ஊசிகளும் என் சைக்கிள் கம்பிச் சாவியும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பழைய தேயிலை டப்பாவில் கிடக்கும். திரும்ப வாங்கி வந்ததும் பூட்டிக்கொள்வேன். எத்தனையோ தேர்தல் இப்படியே போயிற்று. யாரும் திறந்து பார்த்ததில்லை.

கடைசித் தேர்தலுக்குப் பிறகு திறந்து பார்த்தார்கள். திருப்பிக் கொடுக்கும்முன் எல்லாத் துப்பாக்கியையும் ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவாம். போலீஸ் ஆயுதப்படையிலிருந்து, என்னைப்போலவே ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரர் ஒருவர் வந்திருந்தார். வேறு மாவட்டத்துக்காரர், மரியாதையான ஆள். என் துப்பாக்கியை மடித்து முகப்பைப் பார்த்தார். வேலை தெரிந்தவர், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது.

"சார், இதுல ஊசி ரெண்டும் இல்லையே" என்றார்.

"வீட்ல இருக்கு. நாந்தான் கழட்டி வச்சேன்" என்றேன், என்னவோ அவர் பாராட்டப்போகிறார் என்பதுபோல.

அவர் முகம் மாறியது. ரைட்டரைப் பார்த்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலை எல்லாம் பார்க்கும் ஏட்டுக்கு ரைட்டர் என்று பேர்; எங்கள் ஊர்க்காரர், எனக்கு நல்ல பழக்கம். அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, ஒப்படச்ச சாமான்ல உறுப்பு இல்லண்ணா அது வேற கேஸாக்கும்" என்றார். லைசென்ஸில் இருப்பது முழுத் துப்பாக்கி. ஒப்படைத்தது முழுத் துப்பாக்கி இல்லை. ஏன் கழற்றினான், வேறு எதிலாவது பூட்டினானா, இது எல்லாம் விசாரிக்க வேண்டும். நான் உடனே வீட்டுக்கு ஓடி டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். பூட்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். விசாரணையில் இருக்கும் பொருளை இனி நான் தொடக் கூடாதாம். ஊசிகளையும் இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், அதை எந்தக் கணக்கில் வாங்குவது என்று தெரியாததால். ஆர்மரர் போகும்போது என் பக்கத்தில் வந்து, "எங்க ஆயுத டிப்போலயும் நாங்க அப்படித்தான் சார் வைப்போம்" என்று மெல்லச் சொன்னார். அதை எழுதித் தர அவரால் முடியாது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிறகு நான் அலைந்த அலைச்சல். எனக்கு லைசென்ஸைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. அந்த ஆர்மரர் சோதனைக்காகக் குழலில் இருந்த கிரீஸை முழுவதும் துடைத்து எடுத்திருந்தார். மறுபடி யாரும் போட்டிருக்க மாட்டார்கள். மழைக்காலம். ராத்திரி ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும். வாரா வாரம் எண்ணெய்க் குப்பியும் துணியுமாக ஸ்டேஷனுக்குப் போவேன்.

"நான் தொடல. நீங்களே இந்த எண்ணெயத் தேச்சு விடுங்க. நான் வெளிய நிக்கேன்" என்று ரைட்டரிடம் சொல்வேன்.

"அய்யாட்ட கேக்காம ஒண்ணும் முடியாது அண்ணாச்சி. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க" என்பார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே விடாமல் வராந்தாவில் நிறுத்தப்பட்டவன்போல இருக்கும். எண்ணெய்க் குப்பியோடு திரும்பி வருவேன். அவள் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். "நான் நாலு நாளு காய்ச்சலாக் கெடந்தப்பம் இப்பிடி வெப்ராளப்பட்டியளா?" நான் எண்ணெய்க் குப்பியைத் தேயிலை டப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வங்கியில் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். துப்பாக்கி இல்லாத காவலாளியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஒரு கம்பெனி மூலம் வேறு ஆளைப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவரையும் எடுத்துவிட்டுக் கேமராவும் அலாரமும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே பச்சை அட்டைதான் இருக்கும்.

கடைசியில் நாகர்கோவிலுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார், பட்டாளத்துக்காரர் என்று மரியாதை கொடுத்தார். ஊசி விஷயத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்று நம்புவதாகவும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"சரி, உங்களுக்கு இப்ப துப்பாக்கி எதுக்கு?"

"வேலைக்கு சார்."

"வேலையிலதான் இல்லையே நீங்க."

"துப்பாக்கி இல்லாததுனால போச்சு சார். திருப்பித் தந்தா வேற பேங்க்ல கேப்பேன்."

"வேலை கெடச்சா லைசென்ஸ் தரலாம். வேலை இல்லாதவருக்கு எதைக் காட்டித் தரது?"

அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பும் அடுத்த உறுப்பில் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. எங்கேயும் என் சாவி நுழைய ஒரு துளை இல்லை. எனக்கு அந்தத் துப்பாக்கியைப் பிடிக்கும், அதனால் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருடைய சட்டத்தில் இடம் கிடையாது; சொன்னால் பயந்திருப்பார்.

விற்க அனுமதி கேட்டேன். முழுமையில்லாத ஆயுதத்தை விற்க அனுமதிக்க முடியாதாம்; லைசென்ஸ் போனவன் அதைத் தொட்டு முழுமையாக்கவும் கூடாதாம். ஆக, துப்பாக்கியை அழிப்பதற்கு அனுப்ப உத்தரவாயிற்று. பட்டாளத்தில் நானே எத்தனையோ ரைபிள்களை இனி உதவாது என்று ஒதுக்கியிருக்கிறேன். குழலில் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்து, தேய்மானத்தை அளந்து, மனம் இல்லாமல்தான் ஒதுக்குவேன். அவை உழைத்து ஓய்ந்தவை. இது அப்படி இல்லை. இன்னும் இரண்டு தலைமுறைக்கு ஓடும்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் ரைட்டர் போன் செய்தார். பேச்சில் ஒரு இழுவை.

"அண்ணாச்சி, ஒரு கொழப்பம். உறுப்பு கொறஞ்ச சாமான அழிக்கதுக்கு எடுக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாவ. முழுசா, ஓடுத நெலைல இருந்தாத்தான் எடுப்பாவளாம். ஆர்மரர் வந்திருக்காரு. அவருட்ட அதுக்குண்டான சாவி இல்ல. நீங்க அந்த ஊசியக் கொண்டுவந்து..."

அவர் முடிக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போவாதீங்க. அந்த டப்பாவ ஆத்துல கொண்டு எறிஞ்சிட்டு வாருங்க. அவனுவ என்னமும் செய்யட்டு" என்றாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருடத்தில் அந்தத் துப்பாக்கிக்காக அவள் பேசியது அன்றுதான். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். வேறு யார் கையிலாவது அது சிக்கி, ஸ்குரூடிரைவரை வைத்து நெம்பி அந்த வட்டுகளைக் கெடுத்துவிட்டால்? இந்த நினைப்பு வந்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

ஸ்டேஷனின் பின்கட்டில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குழல் முழுக்கச் செம்மண் பூசியதுபோலத் துரு. கட்டையில் ஈரம் ஏறி, மடித்தால் கீல் முனகியது. ஊசிகளைப் பூட்டி, சத்தம் வந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார் ஆர்மரர். கால் மணி நேர வேலை. நான் செய்தித்தாள் கேட்டு வாங்கி விரித்தேன்.

எல்லாவற்றையும் பிரித்தேன். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செப்புக் கம்பியால் மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்தேன். குழலின் உள்ளே பார்த்தேன். துரு மேலோடுதான் பிடித்திருந்தது, அடியில் கண்ணாடிபோன்ற பளபளப்பு அப்படியே இருந்தது. ரைட்டர் இரண்டு தடவை சாயா கொண்டுவந்து வைத்தார். ஆர்மரர் அவசரப்படுத்தவில்லை, கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஊசிகளை இறக்கி, வட்டுகளை என் சாவியால் திருகினேன். வெறுமனே விசையை இழுத்தால் ஊசிமுனை கெடும் என்பதால், காலித் தோட்டாவின் பின்புறத்தில் எங்கள் தோட்டத்து ரப்பரை வெட்டி அடைத்து இரண்டு பொய்த் தோட்டா செய்து வைத்திருந்தேன். அவற்றைப் போட்டு மூடினேன். வலது, இடது. இரண்டு சத்தமும் சுத்தமாக விழுந்தன.

கடைசியாகக் கைரேகை படிந்த இடத்தை எல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். வேர்வை பட்டால் அங்கே முதலில் துருப்பிடிக்கும்.

"நாளைக்கி அறுக்கப்போற சாமானுக்கு எதுக்கு அண்ணாச்சி எண்ணெ?" என்றார் ரைட்டர். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். நான் குழலைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு தடவை துடைத்தேன்.

ஆர்மரர் துப்பாக்கியை வாங்கி ஒரு தடவை மடித்தார். மூடினார். மறுபடி மடித்து மூடினார், தேவையே இல்லாமல். "ரொம்ப நல்ல கண்டிஷன் சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே, முழுமையாக இருக்கிறது, நன்றாக இயங்குகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை மாத அலைச்சலில் என் துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே காகிதம் அது. அந்தக் காகிதம் கிடைத்ததால்தான் அதை அறுக்க எடுத்துப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். என் சட்டையிலும் கையிலும் எண்ணெய் வாசனை அந்த அறைக்கே போதும். அவள் என் கையைப் பார்த்தாள். குழம்பை ஊற்றினாள். நான் கழுவாமலே சாப்பிட்டேன்.